எல்லை ஊர்ச் சாப்பாடு: பாறசாலை, நெய்யாற்றின்கரை வட்டாரத்தில் நேரம் பார்த்து உண்பது எப்படி

பாறசாலைப் பக்கம் போய்விட்டு வந்து, "பொறோட்டாவைத் தவிர அங்கே ஒன்றும் கிடைக்கவில்லை" என்று சொல்பவர்கள் உண்டு. அவர்கள் போன கடையில் குறை இருந்திருக்காது, போன நேரம்தான் சரியில்லை. காலை எட்டு மணிக்குப் புட்டுக்குழலில் ஆவி பறக்கும் கடையில் பத்தரைக்கெல்லாம் அடுப்பு அணைந்துவிடும். மதியம் ஒன்றரைக்கு மரச்சீனியும் மீன்கறியும் கிடைத்த வீட்டில் மூன்று மணிக்குப் பாத்திரம் கழுவிக் கவிழ்த்திருப்பார்கள். இந்த வட்டாரத்தில் ஒவ்வொரு பண்டத்துக்கும் ஒரு வேளை உண்டு, பலவற்றுக்கு ஒரு மாதமும் உண்டு. அதனால் கடைப்பெயர்ப் பட்டியலாக அல்லாமல், கடிகாரத்தையும் பஞ்சாங்கத்தையும் வைத்தே இந்த அத்தியாயத்தை எழுதியிருக்கிறேன்.

ஊரும் வழியும்

திருவனந்தபுரத்திலிருந்து தெற்கே சுமார் 20 கி.மீ. தொலைவில் நெய்யாற்றின்கரை. அங்கிருந்து அமரவிளை, உதியன்குளங்கரை வழியாக இன்னும் 10 கி.மீ. போனால் பாறசாலை. அதைத் தாண்டி இஞ்சிவிளை, அடுத்த எட்டில் தமிழ்நாட்டுக் களியக்காவிளை. நாகர்கோவில் – திருவனந்தபுரம் பாசஞ்சர் ரயில்கள் குழித்துறை, பாறசாலை, தனுவச்சபுரம், அமரவிளை, நெய்யாற்றின்கரை என்று வரிசையாக நின்று போகும். பஸ்ஸில் வருபவர்களுக்குக் களியக்காவிளைதான் வசதி. தமிழ்நாட்டு பஸ்ஸும் கேரள பஸ்ஸும் அங்கே சந்திக்கின்றன.

நெடுஞ்சாலையோடு நின்றுவிடாதீர்கள். கிழக்கே காரக்கோணம், குன்னத்துகால், வெள்ளறடை, பனச்சமூடு. மேற்கே ஊரம்பு, பொழியூர், பூவாறு. கிழக்கே போகப் போகக் கிழங்கும் பலாவும் ரப்பர்த் தோட்டமும். மேற்கே போகப் போகத் தென்னையும் மீனும். சமையலும் அதே போக்கில் மாறும்.

இந்த ஊர்கள் எல்லாம் பழைய தென் திருவிதாங்கூர். 1956 நவம்பர் 1 அன்று தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்கள் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன. நெய்யாற்றின்கரை தாலுகா கேரளத்தில் நின்றது. கோடு விழுந்த பிறகும் பெண் கொடுப்பதும் எடுப்பதும் நிற்கவில்லை. விளவங்கோட்டு அம்மா வீட்டுத் தீயலும் பாறசாலை மாமியார் வீட்டுத் தீயலும் ஒரே அம்மியில் அரைத்த ருசிதான். ஆகவே எல்லையைப் பார்க்காமல் சாப்பிடுங்கள். இந்த அத்தியாயத்தில் இரண்டு பக்கமும் வரும்.

காலை 7 முதல் 10 வரை: புட்டு, பயறு, பப்படம்

புட்டுக்குக் கடலைக்கறி என்பது கேரளத்தின் பொது வழக்கம். தெற்கே வந்தால் சிறுபயறும் பப்படமும்தான் ஜோடி. பயறைக் குழையாமல் வேகவைத்து, தேங்காயும் காய்ந்த மிளகாயும் சேர்த்துப் புரட்டி, நீர் வற்றிய நிலையில் தருவார்கள். இலையிலோ தட்டிலோ புட்டு விழுந்ததும் பப்படத்தை அதன் மேல் வைத்து உள்ளங்கையால் அழுத்தி நொறுக்குங்கள். பயறையும் சேர்த்துப் பிசைந்து, கூடவே ஒரு ரசகதலிப் பழம். வேறு குழம்பு வேண்டாம்.

நல்ல புட்டை அடையாளம் காண மாவைப் பாருங்கள். உப்புத் தண்ணீர் தெளித்துப் பிசறிய மாவைக் கையில் பிடித்தால் உருண்டையாக நிற்க வேண்டும், விரலால் தொட்டால் உதிர வேண்டும். அந்தப் பதம் தெரிந்த கடையில் புட்டு தொண்டையை அடைக்காது. சில கடைகளில் மரச்சீனி மாவுப் புட்டும் உண்டு. பார்க்க மங்கலாக இருக்கும், ஆறினால் இறுகிவிடும். கேட்டு வாங்கிச் சுடச்சுடச் சாப்பிடுங்கள்.

எங்கே: நெய்யாற்றின்கரை பஸ் நிலையத்தைச் சுற்றிய தெருக்கள், உதியன்குளங்கரை, பாறசாலை ஜங்ஷன். குழல் அடுப்பில் இருப்பது தெருவிலிருந்தே தெரிகிற சின்னக் கடையாகப் பார்த்து நுழையுங்கள்.

முற்பகல்: பழங்கஞ்சி

முன்பு வயலுக்கும் கடலுக்கும் போகிறவர்கள் வீட்டில் குடித்துவிட்டுப் போன பழங்கஞ்சி, இப்போது திருவனந்தபுரம் மாவட்டத்துச் சாலையோரக் கடைகளின் பெருமை. முந்தைய இரவு வடித்த சம்பா அரிசிச் சோற்றில் தண்ணீர் ஊற்றி வைத்து, காலையில் தயிர் விட்டு, மண்சட்டியில் தருகிறார்கள். அதனுடன் வேகவைத்த மரச்சீனி, முந்தின நாள் மீன்கறி, தேங்காய்ச் சம்மந்தி, சின்ன உள்ளி, காந்தாரி மிளகாய். காந்தாரியை முழுதாகக் கடிக்க வேண்டாம். சட்டியின் ஓரத்தில் வைத்து நசுக்கிக் கலந்தால் காரமும் மணமும் கஞ்சியில் இறங்கும்.

வெயில் காலத்தில் பதினோரு மணிக்கு இதைச் சாப்பிட்டால் மதியச் சாப்பாடு இறங்காது. ஒரே நாளில் இரண்டையும் திட்டமிடாதீர்கள்.

மதியம் 12.30 முதல் 2.30 வரை: மரச்சீனியும் மீனும்

இந்த வட்டாரத்தின் உயிர் இந்தத் தட்டில் இருக்கிறது. மத்திய கேரளத்தில் கப்பை என்பது இங்கே இரு பக்கமும் மரச்சீனிதான். 1880 முதல் 1885 வரை ஆண்ட விசாகம் திருநாள் மகாராஜா இந்தக் கிழங்கைத் திருவிதாங்கூரில் பயிரிட ஊக்கமளித்தார். இரண்டாம் உலகப்போரில் பர்மா ஜப்பானியர் கைக்குப் போனதும் அங்கிருந்து வந்துகொண்டிருந்த அரிசி நின்றது. அரிசியை வெளியிலிருந்து வாங்கியே உண்ட திருவிதாங்கூருக்கு அது பெரும் அடி. அந்தப் பஞ்ச நாட்களில் ஏழை வீடுகளைத் தாங்கியது மரச்சீனி. இன்று விருந்தினருக்கு ஆசையோடு பரிமாறப்படும் இந்தக் கிழங்குக்குப் பின்னால் அந்தப் பட்டினி நினைவும் இருக்கிறது. மரியாதையோடு சாப்பிட வேண்டிய பண்டம்.

செய்முறையை ஒருமுறையாவது பக்கத்தில் நின்று பாருங்கள். தடித்த தோலை உரித்து, துண்டாக்கி, கிழங்கு மூழ்க நிறையத் தண்ணீர் விட்டு, மூடாமல் கொதிக்கவிடுவார்கள். வெந்ததும் அந்தத் தண்ணீரை முழுக்க வடித்துக் கொட்டிவிடுவார்கள். மரச்சீனியில் இயல்பாக இருக்கும் சயனைடு நச்சு இப்படித்தான் போகும். கசப்புக் கிழங்கில் அது கூடுதல். பிறகு தேங்காய், பச்சை மிளகாய், பூண்டு, சீரகம், மஞ்சள் சேர்த்து ஒன்றிரண்டாக அரைத்துப் போட்டு, மரத் துடுப்பால் மசிப்பார்கள். மசித்தபின்னும் அங்கங்கே துண்டு நாக்கில் தட்டுப்பட வேண்டும். கிழங்கில் மாவுச்சத்து உண்டு, புரதம் மிகக் குறைவு. அதை ஈடுகட்டத்தான் பக்கத்தில் மீன். ருசியும் தேவையும் ஒன்றாகப் பொருந்திய ஜோடி இது.

மீன்கறியில் தேங்காயை மை போல அரைத்து ஊற்றுவது தெற்கத்தி வழக்கம். சாளை, அயிலை, நெத்தோலி எதுவானாலும் மண்சட்டிதான். புளிப்புக்குப் பல வழி உண்டு. சாதாரணப் புளி, மாங்காய்க் காலத்தில் பச்சை மாங்காய், புளிச்சிக்காய் காய்த்த வீட்டில் அது, அல்லது குடம்புளி. முருங்கைக்காயும் சேர்ந்தால் குழம்பின் மணமே வேறு. நெத்தோலியைத் தேங்காயும் மாங்காயும் சேர்த்து, நீர் வற்றவிட்டு அவியலாகவும் வைப்பார்கள். இலையில் அது வந்தால் இரண்டாம் முறை கேட்கத் தயங்காதீர்கள்.

குடம்புளியைப் பற்றி ஒரு வார்த்தை. பழத்தின் தோட்டைக் காயவைத்து, புகையில் கறுக்கவிட்டு எடுப்பது இது. குடகில் அதே மரத்தின் பழச்சாற்றைக் காய்ச்சிக் குறுக்கிக் கச்சம்புளி என்று வைத்திருக்கிறார்கள். கொடவர்களின் பன்றிக்கறி கறுத்துப் புளித்திருப்பது அதனால்தான். இலங்கையில் அதுவே கொறுக்காய் என்ற பெயரில் மீன்குழம்பில் விழுகிறது. மேற்குத் தொடர்ச்சி மலையும் இலங்கையும் ஒரே மரத்தைப் பகிர்ந்துகொண்டு மூன்று விதமாகச் சமைக்கின்றன. குடகுக்குப் போய்வந்தவர்கள் இங்கே குடம்புளி மீன்கறியைச் சாப்பிட்டால் அந்த உறவு நாக்கிலேயே தெரியும்.

மீன் சாப்பிடாதவர்களுக்குத் தீயல் இருக்கிறது. தேங்காய்த் துருவலை மல்லி, மிளகாயோடு சேர்த்துக் கரும்பழுப்பாகும்வரை வறுக்க வேண்டும். ஒரு நிமிடம் முன்னால் இறக்கினால் வெறும் குழம்பு, ஒரு நிமிடம் தாமதித்தால் கசப்பு. எண்ணெய் பிரியும்வரை அரைத்து, புளித்தண்ணீரில் கொதிக்கவிட்டு, சின்ன உள்ளியோ பாகற்காயோ போடுவார்கள். உள்ளித் தீயல் மறுநாள் இன்னும் நன்றாக இருக்கும்.

எங்கே: மலையாளத்தில் "வீட்டில் ஊண்" என்று எழுதிய பலகையைத் தேடுங்கள். படிக்கத் தெரியாவிட்டால் யாரிடமாவது கேளுங்கள். வீட்டின் முன்னறையில் நாலைந்து மேசை போட்டு, வீட்டுப் பெண்களே சமைத்துப் பரிமாறும் இடங்கள் இவை. பாறசாலை – வெள்ளறடை சாலையிலும் பூவாறு போகும் வழியிலும் கண்ணில் படும். 1998இல் தொடங்கிய குடும்பஸ்ரீ மகளிர் குழுக்களின் உணவகங்களும் நம்பத்தக்கவை. 2020இல் 20 ரூபாய் ஊணோடு வந்த ஜனகீய ஹோட்டல்களை நடத்துவதும் இவர்களே. மானியம் நின்ற பிறகு விலை கூடியிருக்கிறது, ஆனாலும் மலிவுதான். மீன் வேண்டாதவர்கள் உட்காரும்போதே சொல்லிவிடுங்கள். மீன்சாற்றைக் கேட்காமலேயே சோற்றில் ஊற்றுவது இங்கே உபசாரம்.

மாலை 4 மணி: சாயாக்கடை

கண்ணாடி அலமாரியில் பண்டம் நிரம்பும் நேரம் நான்கு. ஏத்தன் பழத்தை நீளவாக்கில் சீவி மாவில் தோய்த்துப் பொரித்த ஏத்தக்காய் அப்பம் முதலில் தீரும். ரசவடை இந்தத் தெற்கு மூலைக்கே உரியது. பருப்பு வடையை ரசத்தில் ஊறவைத்துத் தருவார்கள். முழுக்க ஊறியும் உடையாமல் இருந்தால் கடைக்காரருக்குக் கை பழகியிருக்கிறது என்று பொருள்.

சிறுபயறையும் வெல்லத்தையும் உருட்டி மாவில் தோய்த்துப் பொரித்தது திருவனந்தபுரம் பக்கம் மோதகம். குமரி மாவட்டத்தில் அதன் உறவு முந்திரிக்கொத்து. பயறை வறுத்துப் பொடித்துப் பாகில் பிடித்துச் செய்வதால் பல நாள் கெடாது. இரண்டையும் ஒரே மாலையில் ருசித்துப் பார்க்கக் களியக்காவிளையைவிட நல்ல இடம் இல்லை.

குடிக்கக் கருப்பட்டிக் காப்பி கேளுங்கள். சுக்கும் நல்லமிளகும் தட்டிப் போட்டுக் கொதிக்கவிட்ட காப்பி மழை நாளில் மருந்துமாகும்.

இரவு 7க்குப் பிறகு: தட்டுக்கடை

தள்ளுவண்டியைச் சுற்றி நின்று சாப்பிடும் தட்டுத்தோசை சின்னதாக, மெத்தென்று இருக்கும். அதற்கு மேல் சம்மந்தி, பக்கத்தில் ரசவடை, ஒரு ஆம்லெட். இதுதான் பழைய கூட்டு. பொறோட்டாவும் மாட்டிறைச்சியும், கோழிப் பெரட்டும் இரவில்தான் சரியாகக் கிடைக்கும். பெரட்டில் குழம்பு இருக்கக் கூடாது. மசாலா கறியில் ஒட்டி, தேங்காய் எண்ணெய் மினுங்க வேண்டும். மாட்டிறைச்சிக்கு மரச்சீனி நல்ல துணை. இருக்கிறதா என்று கேளுங்கள்.

மாதம் பார்த்து வாருங்கள்

தை முதல் வைகாசி வரை பனை சுரக்கும் காலம். விடியற்காலையில் இறக்கும் அக்கானியை எட்டு மணிக்குள் குடித்துவிட வேண்டும். கலயத்தின் உள்ளே சுண்ணாம்பு தடவியிருப்பதால்தான் அது கள்ளாகாமல் இனிக்கிறது. பனையேறுவோர் குறைந்துவிட்டதால் விற்கும் இடம் நாளுக்கு நாள் மாறும். முந்தைய நாள் மாலையே உள்ளூரில் விசாரித்து வையுங்கள்.

மாசியில், அதாவது கேரளத்துக் கும்ப மாதத்தில், பெண்கள் பொங்கலிடும் ஆற்றுக்கால் விழாவும் மண்டைக்காட்டுக் கொடையும் வருகின்றன. 1997இல் ஆற்றுக்காலில் கூடிய 15 லட்சம் பெண்கள் கின்னஸ் புத்தகத்தில் ஏறினார்கள். தெரளி இலையில் செய்யும் பண்டத்தைக் கேரளப் பக்கம் தெரளி அப்பம் என்பார்கள், குமரிப் பக்கம் கொழுக்கட்டை என்பார்கள். அரிசிமாவு, கருப்பட்டி, கனிந்த பாளையங்கோடன் பழம், தேங்காய், சீரகம் சேர்த்துப் பிசைந்து, இலையைக் கூம்பாகச் சுருட்டி அடைத்து ஆவியில் வேகவைப்பார்கள். இலவங்கப்பட்டை இனத்து இலை அது. அதன் எண்ணெய் மாவில் இறங்கித் தரும் மணத்துக்கு ஏலக்காய்கூட ஈடாகாது.

பங்குனி முதல் ஆனி வரை பலா. இடிச்சக்கைத் துவரனில் தொடங்கி, சக்கை அவியல், சக்கைப் பிரதமன் என்று முடியும். 2018இல் கேரளம் பலாவை மாநிலப் பழமாக அறிவித்தது. நெய்யாற்றின்கரை ஸ்ரீகிருஷ்ணசுவாமி கோயில் வளாகத்தில் அம்மச்சிப் பிலாவு என்ற பழைய பலாமரத்தைப் பாதுகாத்து வைத்திருக்கிறார்கள். எதிரிகளிடமிருந்து தப்ப மார்த்தாண்ட வர்மா அதன் பொந்தில் ஒளிந்ததாக ஐதீகம். பலாக் காலத்தில் வருபவர்கள் அதையும் பார்த்துவிட்டுப் போகலாம்.

ஜூன், ஜூலையில் மீன் விலை ஏறும். கேரளத்தில் ஜூன் 9 நள்ளிரவிலிருந்து ஜூலை 31 வரை 52 நாள் இழுவலைப் படகுகளுக்குத் தடை. குமரியின் மேற்குக் கடற்கரையில் ஜூன் 1 முதல் தடை. ஆனால் நாட்டுப்படகுகள் ஓடும். விழிஞ்ஞம் துறைமுகம் பாதுகாப்பான இடத்தில் இருப்பதால் மழைக்காலம்தான் அங்கே பெரும் பருவம். கணவாயும் நெத்தோலியும் அப்போது நிறைய வரும்.

ஆவணியில் ஓணம். சத்யைக்கு அழைப்பு வந்தால் தவறவிடாதீர்கள். பருப்பும் நெய்யும், பிறகு சாம்பார், அதன்பின் பாயசங்கள் வரும். பால்பாயசத்தோடு மஞ்சள் போளி வைப்பது திருவனந்தபுரத்து வழக்கம். போளியை இலையிலேயே கிழித்து, பாயசத்தில் பிசைந்து சாப்பிடுங்கள். இனிப்போடு முடிந்தது என்று இலையை மூடிவிடாதீர்கள். புளிசேரியும் ரசமும் மோரும் அதற்குப் பிறகுதான் வரும்.

மார்கழியில் திருவாதிரைப் புழுக்கு. காச்சில், சேனை, சிறுகிழங்கு, ஏத்தக்காய் எல்லாம் ஒரே பானையில் வேகும். கிழங்குப் பிரியர்கள் அந்த மாதத்தைத் தேர்ந்தெடுங்கள்.

சந்தையும் வாங்கி வருவதும்

களியக்காவிளைச் சந்தையும் பனச்சமூட்டுச் சந்தையும் காலையிலேயே சூடு பிடிக்கும். செவ்வாழை, ஏத்தன், மட்டி என்று பழவகை பார்த்து வாங்கலாம். விரல் நீள மட்டிப்பழத்துக்குக் கன்னியாகுமரியின் பெயரில் 2023இல் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. தேன் வேண்டுமானால் ஒரு நடை மார்த்தாண்டம் போய் வாருங்கள். 1920களில் ஸ்பென்சர் ஹாட்ச் தலைமையில் ஒய்.எம்.சி.ஏ. நடத்திய கிராமப் புனரமைப்பு மையம் அங்கே தேனீ வளர்ப்பைக் கற்றுக்கொடுத்தது. அந்தத் தொழில் இன்றும் நடக்கிறது.

கருப்பட்டியை உடைத்துப் பார்த்தே வாங்குங்கள். உள்ளே சீனித்துகள் போலப் பளபளத்தால் கலப்படம் என்று சந்தேகப்படலாம். குடம்புளி நன்றாகக் கறுத்து, தொட்டால் வளைய வேண்டும். வீட்டில் காற்றுப் புகாத பாட்டிலில் போட்டு வைத்தால் மாதக்கணக்கில் கெடாது.

பேச்சும் பழக்கமும்

தமிழ் இரு பக்கமும் செல்லும். கடைக்காரரை "அண்ணா" என்று கூப்பிடலாம். தென் திருவிதாங்கூர் மலையாளத்திலும் அண்ணன் அண்ணன்தான். பரிமாறும் பெண்களைக் கேரளப் பக்கம் "சேச்சி" என்றும் குமரிப் பக்கம் "அக்கா" என்றும் சொல்லுங்கள். சோறு வேண்டுமானால் "ஊண் உண்டா?" என்று கேட்டால் போதும். வீட்டு ஊண் கடைக்கு நாலு பேருக்கு மேல் போவதானால் காலையிலேயே ஆள் கணக்கைச் சொல்லிவிடுங்கள். அவர்கள் அன்றன்றைக்கு அளந்து சமைப்பவர்கள்.

ஒரே நாள்தான் இருக்கிறது என்றால் இப்படிப் போங்கள். காலை எட்டு மணிக்கு நெய்யாற்றின்கரையில் புட்டும் பயறும், அடுத்துக் கோயிலும் அம்மச்சிப் பிலாவும். மதியம் பூவாறு வழியில் மரச்சீனியும் மீனும். பொழியூர், ஊரம்பு வழியாகத் திரும்பி நான்கு மணிக்குக் களியக்காவிளைச் சாயாக்கடை. இருட்டியபின் பாறசாலையில் தட்டுத்தோசை.

எங்கே உட்கார்ந்தாலும் பலகையில் இல்லாததை ஒருமுறை கேளுங்கள்: "தீயல் உண்டா? மரச்சீனி உண்டா?" வீட்டில் தினமும் செய்வதைக் கடையில் யார் கேட்கப்போகிறார்கள் என்ற எண்ணத்தில்தான் பலர் பொறோட்டாவோடு நிறுத்திக்கொள்கிறார்கள். பழங்கஞ்சி கடைக்கு வந்ததே ஆட்கள் கேட்டுக் கேட்டு வாங்கியதால்தான். கேட்பவர்கள் பெருகினால் தீயலும் தெரளியும் பலகையில் ஏறும்.